ஏழாம் தாளில் ஒரு வளைவு

மண்ணைத் தள்ளி மூடிய பிறகு ஒரு குழாய் எங்கே ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடம் முடித்து, நாலு இடத்துக்கு வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, தெருவில் பள்ளம் வெட்டுவதை நான் வேடிக்கை பார்த்து நின்ற ஒரு நாளில் பக்கத்தில் நின்றவர் கேட்ட கேள்வி இது. அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் காரைக்காலிலேயே இருந்தது. ஊரார் குழாய் ஆபீஸ் என்று சொல்லும் கட்டடத்தின் மாடியில், ஜன்னலோரச் சாய்வு மேஜையில் குனிந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பதிலின் பெயர் சலோமி.

சலோமி அங்கே டிரேசராகச் சேர்ந்தது 1973-இல். குழாய் பதிக்கும் ஃபிட்டர்கள் வேலை முடிந்ததும் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து, பளபளப்பான டிரேசிங் துணியில் மையால் கோடு இழுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் முதல் வாரமே ஒரு சீட்டைத் திருப்பி அனுப்பினார். “மாதா கோயிலுக்குக் கிழக்கே பத்தடி” என்று அதில் எழுதியிருந்தது. கோயிலின் எந்த மூலையிலிருந்து பத்தடி என்று இல்லை. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்தார். இடம் பெயராத மூன்று பொருள்களிலிருந்து அளந்து எழுதினால்தான் கோடு விழும். பாலத்துச் சுவர், பள்ளிக்கூடத்து மூலைக்கல் என்று எதுவாகவும் இருக்கலாம். மரமும் மாட்டுக்கொட்டகையும் செல்லாது.

ஃபிட்டர்களுக்கு எரிச்சல். “மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க, குழாய்க்கு ஜாதகம் கேக்குறாங்க” என்றார் தாவூது. திருமலைராயன்பட்டினத்துக்காரர், ஃபிட்டர்களில் மூத்த கை. அன்றிலிருந்து சலோமிக்கு ஜாதகம்மா என்று பெயர் வந்துவிட்டது. அவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த சீட்டையும் திருப்பி அனுப்பினார்.

1984-இல் பாண்டிச்சேரியிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பூவத்திலிருந்து போலகம் வரை எல்லாக் குழாய்களையும் எண் போட்ட தாள்களில் ஒன்றாக வரைந்து அனுப்ப வேண்டும். ஒரு பிரதி அங்கே, ஒன்று இங்கே. சாலையைத் தோண்ட நினைக்கும் எவரும் முதலில் வந்து தாளைப் பார்த்து, நகல் வாங்கிப் போக வேண்டும். சலோமி ஏழு மாதம் உட்கார்ந்து பதினோரு தாள் வரைந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் அவர் கையெழுத்து இருந்தது.

ஏழாம் தாள், போலகத்து ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து திருமலைராயன்பட்டினத்து மேல்தொட்டிக்குப் போகும் பெரிய குழாய். கடலோரத் தெருக்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அந்தக் குழாயை விட்டால் குடிக்க வேறு வழி கிடையாது. 1978-இல் அதைப் பதித்தவர் தாவூது. சீட்டில் மூன்று அளவுகளும் ஒழுங்காக இருந்தன. கோடு நேராக விழுந்திருந்தது.

அந்தத் தாளைத் தேடித்தான் முதலில் ஆள் வந்தது. தொலைபேசிக் கம்பி புதைக்கிறவர்கள் நகல் வாங்கிப் போய், குழாய்க்குக் கிழக்கே ஐந்தடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். திங்கள்கிழமை வெட்டு. வரைந்ததைத் தெருவில் நடந்து பார்க்காவிட்டால் சலோமிக்குச் சோறு இறங்காது. வியாழக்கிழமை பஸ் ஏறி, நகலைக் கையில் விரித்தபடி சுண்ணாம்பை ஒட்டியே நடந்தார்.

தெருக்குழாயடியில் சுல்தான் பீவி குடத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாக அந்தத் தெருவில் இருப்பவர்.

“ஏம்மா, இந்தச் சுண்ணாம்பு நேரா குழா மேலயில்ல போவுது?”

சலோமி தாளைக் காட்டி, குழாய் மேற்கே இருக்கிறது என்றார்.

“காயிதத்துல அப்படி இருக்கும். கபுருக்கு அடியில யாராச்சும் குழா உடுவாங்களா?”

பிறகு மெதுவாக விவரம் வந்தது. குழாய்க்குப் பள்ளம் வெட்டியபோது, அந்த இடத்தில் பழைய செங்கல் தட்டுப்பட்டிருக்கிறது. யாருடையது என்று தெரியாத ஓர் அடக்கம், பழைய கல்லறை. எல்லாரும் கைவேலையை நிறுத்தி இறந்தவருக்காகப் பாத்திஹா ஓதினார்கள், செங்கல்லை அப்படியே மூடினார்கள். தாவூது பெண்டு என்கிற வளைவுத் துண்டுகளை மாட்டிக் குழாயைக் கடல் பக்கமாக வளைத்து, கபுரைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பழைய வழியில் சேர்த்துவிட்டார். தெருவுக்கே தெரிந்த விஷயம். ஆபீசுக்கு மட்டும் தெரியாது. சலோமி அளவுகளைத் திரும்பப் பார்த்தார். மூன்றும் சரி. ஆனால் மூன்றுமே வளைவுக்கு முன்னும் பின்னும் எடுத்தவை.

அந்தக் குழாய் ஆஸ்பெஸ்டாஸ். கடப்பாறை ஒரு தரம் பட்டாலே பிளக்கும். மாற்றுத் துண்டு பாண்டிச்சேரியிலிருந்து வரப் பத்து நாள் ஆகும்.

மறுநாள் காலை தாவூதைத் தேடிப் பிடித்தார். வளைவைச் சீட்டில் ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

“எழுதியிருந்தா நாலு பெண்டு எதுக்குன்னு கேப்பாங்க. வளைக்கிறதுக்கு முன்னாடி அனுமதி வாங்கணும். அது வர்ற வரைக்கும் கபுரைத் திறந்து போட்டு வைக்க முடியுங்களா? பழைய வேலையில மிஞ்சுனதை எடுத்து வளைச்சு மூடிட்டேன்.”

“மூடினது தப்பில்ல பாய். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“நீங்கதான் சீட்டைத் திருப்பிடுவீங்களே.”

சலோமிக்கு அது தைத்தது. திருப்பித் திருப்பி அனுப்பியே தாம் கேட்டதை மட்டும் எழுத ஃபிட்டர்களைப் பழக்கிவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினார்.

வரைவுப் பிரிவுக்குத் தலைவர் சூசைராஜ். நல்ல மனிதர், பயந்தவர். தாள் பாண்டிச்சேரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இப்போது திருத்தம் என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள், அது பணிப் பதிவேட்டில் ஏறும் என்று எடுத்துச் சொன்னார். தொலைபேசிக்காரர்களிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி, கோட்டை இரண்டடி தள்ளிப் போடச் சொன்னால் போதாதா?

“இன்னிக்கு அவங்க வந்தாங்க, சொல்லிடலாம். பத்து வருஷம் கழிச்சு வர்றவனுக்கு யார் சொல்றது சார்?”

சூசைராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கையெழுத்து உங்களுதுங்க” என்று மட்டும் சொன்னார். சலோமி தலையாட்டினார். அன்று சாயங்காலத் தபாலிலேயே திருத்தக் கடிதம் போனது.

சனிக்கிழமை பட்டினத்தில் சின்னக் கூட்டம் கூடிவிட்டது. தாவூது ஓர் இரும்புக் கம்பியைச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் மெல்ல இறக்கினார். மூன்றடியில் டொக்கென்று நின்றது. கையாலேயே மண்ணை விலக்கினார். சாம்பல் நிறத்தில் குழாயின் முதுகு தெரிந்தது. சரியாகக் கோட்டுக்கு அடியில். தொலைபேசிக்காரர்களின் மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், செருப்புக்காலால் சுண்ணாம்பை அழித்தார். சலோமி முட்டி போட்டு உட்கார்ந்து வளைவை அடி அடியாக அளந்தார். மசூதிச் சுவரிலிருந்து ஒன்று, பள்ளிக்கூட மூலையிலிருந்து ஒன்று, மேல்தொட்டியின் காலிலிருந்து ஒன்று. நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் தாவூது. திங்கள்கிழமை பள்ளம் மேற்கே வெகுதூரம் தள்ளி வெட்டப்பட்டது. பட்டினத்தில் ஒரு குடமும் காலியாகத் திரும்பவில்லை.

சூசைராஜ் சொன்னபடியே விளக்கம் கேட்டு ஓலை வந்தது. சலோமி எழுதிய பதில் மூன்று வரி. நேரில் பாராமல் கோடு இழுத்தது என் தவறு, திருத்திவிட்டேன், திருத்திய தாள் இத்துடன். தாவூதின் பெயர் அதில் இல்லை. பதிவேட்டில் ஒரு கண்டிப்பு ஏறியது, ஏறியபடியே இருந்தது.

ஆனால் அதோடு அவர் விடவில்லை. பொறியாளரிடம் நாலு தரம் நடந்து, சீட்டின் படிவத்தை மாற்றினார். நாலு பெண்டு வரைக்கும் முன் அனுமதி வேண்டாம், வளைத்துவிட்டு எழுதினால் போதும். அடியில் புதிதாக ஒரு வரி: வளைத்த இடமும் காரணமும். தாள்களின் ஒரு பிரதியைப் பூட்டிய பீரோவிலிருந்து எடுத்துக் கீழே கவுண்டரில் மாட்டினார். தங்கள் வாசலில் குழாய் எங்கே போகிறது என்று பெண்கள்கூட வந்து விரல் வைத்துப் பார்த்துப் போனார்கள்.

அதற்கப்புறம் வந்த சீட்டுகள் வேறு மாதிரி இருந்தன. “புளியமர வேர். வெட்ட மனசு வரல.” “மரியமுத்து வீட்டுல பிள்ளை பெத்தவ படுத்திருந்தா, சத்தம் வேணாம்னு தள்ளிப் போட்டோம்.” எதையும் சலோமி திருப்பவில்லை. ஊர் எங்கெல்லாம் இரக்கப்பட்டு ஒதுங்கியதோ அங்கெல்லாம் கோடும் ஒதுங்கியது. முதலில் ஒதுங்கிய இடம் ஏழாம் தாளில் இருக்கிறது. கோட்டின் வளைவுக்குள் பொடி எழுத்தில் “அடக்கம், தோண்டற்க” என்று எழுதியிருக்கிறார்.

குழாய் எங்கே இருக்கிறது என்று இனி யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். முக்கியமாக, மண்ணில் எதையாவது புதைத்துவிட்டு நேர்கோடு போட்டுக் கொடுக்கப் போகிற ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவர் சீட்டு எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.