இருட்டறையில் கேட்ட பார்வை

தாராபுரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். வாய் சும்மா இருக்காது. அன்று கோவைக் கண் ஆஸ்பத்திரியின் இருட்டறையில் என்னை ஓரமாக உட்காரவைத்து, மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

என் மனைவிக்கு வலது கண்ணில் கருவிழி மாற்றியிருந்தார்கள். இறந்துபோன யாரோ ஒருவர் கொடுத்தது. அது நன்றாகவே ஒட்டிக்கொண்டது. ஆனால் அதைக் காப்பாற்ற விட்ட சொட்டு மருந்தே கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றிவிட்டது. அழுத்தம் நரம்பை அரித்திருந்தால் ஓரப்பார்வை போய்விடும், போனது திரும்பாது என்றார் டாக்டர். அதைத்தான் சோதிக்க வந்திருந்தோம்.

இடது கண்ணை மூடிவிட்டார்கள். வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது பொட்டு வெளிச்சம் தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். இவளோ ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் "தெரியுதுங்க", "ஆமாங்க" என்று பதில் சொன்னாள். பொத்தானைத் தொடவே இல்லை. சோதனை செய்த பெண் நிறுத்தி, பேச வேண்டாம், அமுக்கினால் போதும் என்றாள். ஆள் பக்கத்தில் இருக்கும்போது வாய் திறக்காமல் இருப்பது மரியாதையா என்று இவள் கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுபடி தொடங்கினார்கள். டிக். டிக். எனக்கு வெளிச்சம் தெரியவில்லை, இவள் அமுக்கும் பொத்தானின் சத்தம் மட்டும்தான். மண்ணுக்கோ நெருப்புக்கோ போயிருக்க வேண்டிய ஒரு துளி வழியாக இவள் பார்க்கிறாள். அதை நான் காதால் கேட்கிறேன். உடம்பு சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

திடீரென்று சத்தம் நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. எழுந்தேவிட்டேன். அந்தப் பெண் கையமர்த்தினாள். அப்புறம் ஒரு டிக்.

வெளிச்சத்தை மங்கலாக்கிக்கொண்டே போவார்கள், நல்ல கண்ணுக்கும் பாதி தெரியாது என்று பிறகு விளக்கினாள். அதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, நரம்பு தப்பித்தது, மருந்தை மாற்றினால் போதும் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

இவள் அழவில்லை. கண் கொடுத்தவர் யார் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். அதைச் சொல்வதில்லை, தனக்கும் தெரியாது என்றாள் அவள்.

"பரவால்லீங்க கண்ணு. யாருன்னு தெரிஞ்சவங்க இருந்தா, கண்ணு குடுத்தவிய ஊட்டுல சொல்லிப்போடச் சொல்லுங்க. ஓரத்துல மினுக்குன வெளிச்சத்தக்கூட அவிய கண்ணு பாத்துப்போட்டுதுன்னு."