ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

நடந்தது இது, வரிசைப்படி.

1. தை மாதத்தில் அக்காவும் நானும் வலது இறக்கையை வெட்டினோம். நன்றாக வந்தது.
2. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடது இறக்கையை வெட்டுவதாக இருந்தது. அன்றைக்குப் பெருந்துறையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.
3. மாசியில் கல்யாணம்.
4. தலை ஆடிக்கு அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தோம்.
5. ஆடியில் இடது இறக்கையை வெட்டினோம். பாதியில் அக்கா நின்றுவிட்டாள்.
6. அவள் ஏன் நின்றாள் என்பதை அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன்.
7. ஆவணி பிறந்ததும் அக்கா திரும்பிப் போனாள்.

நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு பம்ப் பழுதானால் முதலில் நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், காரணத்தைப் பிறகு தேட வேண்டும் என்பது அங்கே முறை. வரிசை மேலே இருக்கிறது, அதில் தவறில்லை. எந்த எண்ணில் எதைப் பிடித்து நிறுத்தியிருந்தால் ஏழாவது நடந்திருக்காது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

இறக்கை என்று நான் சொல்வது ஒரு மாதிரி விமானத்தின் இறக்கை. இரண்டாம் உலகப் போரில் பறந்த, இரட்டை எஞ்சின் வைத்த சண்டை விமானம். தெர்மாகோலில் செய்து, ரேடியோ வைத்துத் தரையிலிருந்து ஓட்டுவது. என் இரண்டு கைகளையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். காலேஜில் மாதிரி விமானம் செய்கிற குழு ஒன்று இருந்தது, அதில் நான் ஒருத்திதான் பெண். குழு கலைந்தபோது பழைய ரேடியோ செட்டையும் இரண்டு சின்ன எஞ்சின்களையும் வேறு யாரும் கேட்காததால் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஒற்றை எஞ்சினில் நாங்கள் நிறைய செய்திருந்தோம். இரட்டை எஞ்சினை யாரும் தொட்டதில்லை. பறக்கும்போது ஒன்று நின்றுபோனால் மற்றது விமானத்தைத் திருகிக் கீழே கொண்டுவந்துவிடும் என்று பயம். எனக்கு அந்தச் சிக்கல்தான் பிடித்திருந்தது. உக்கடத்தில் பழைய புத்தகக் கடையொன்றில், அட்டை கிழிந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்குள் அதன் வரைபடம் கிடைத்தது.

அப்பா சிங்காநல்லூரில், எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்குப் பின்னால் வீடு. ஒரு மில்லுக்கு வந்த வெளிநாட்டு மெஷினின் பெட்டிக்குள் இருந்த தெர்மாகோல் கட்டி ஒன்றை அவர்தான் கேட்டு வாங்கி வந்தார். கடையில் விற்பதைப் போல மணிமணியாக உதிராது, கெட்டியாக இருக்கும். இரண்டு இறக்கைக்குச் சரியாக இருந்தது, அதற்கு மேல் ஒரு துண்டு கூட மிஞ்சாது.

அதைக் கத்தியால் வெட்ட முடியாது. மூங்கில் வில்லில் நாணுக்குப் பதிலாக, ஹீட்டரில் இருப்பதைப் போன்ற நிக்ரோம் கம்பியைக் கட்டி, கரண்ட் விட்டுச் சூடாக்கி இழுக்க வேண்டும். அதற்கான டிரான்ஸ்ஃபார்மரையும் அப்பாவே சுற்றிக் கொடுத்தார். கட்டியின் இரண்டு முனையிலும் இறக்கை வடிவத்தில் ப்ளைவுட் அச்சு பொருத்துவோம். உடம்போடு சேரும் பக்கத்து அச்சு பெரியது, நுனிப்பக்கத்து அச்சு சிறியது. கம்பி பெரிய அச்சின் மேல் வேகமாகவும் சிறிய அச்சின் மேல் மெதுவாகவும் போய், இரண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். அதனால் இரண்டிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை கோடு போட்டிருப்போம். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்க, அவர்களில் ஒருவர் எண் சொல்ல வேண்டும். ஒரே ஆளால் ஆகாது. நடுவில் நிற்கவும் கூடாது. கம்பி நின்ற இடத்தில் தெர்மாகோல் உருகிப் பள்ளமாகிவிடும்.

அக்கா பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். விமானத்தில் அவளுக்கு ஒரு ஆர்வமும் கிடையாது, அதைக் கொக்கு என்றுதான் சொல்வாள். ஆனால் அவளைப் போல ஒரே சீராகக் கையை நகர்த்த யாராலும் முடியாது. நான் படித்த காலேஜில் கூட அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

"ஏன் அம்மணி, இந்தக் கொக்கு முட்டை போடுமா?" என்றாள் தை மாதத்தில், கம்பி சூடாகிக்கொண்டிருந்தபோது.

"குண்டு போடும்."

"யாரு தலையில?"

"பேசாம எண்ணு."

"ஒண்ணு. ஒண்ணரை. ரெண்டு." உக்கடம் போகிற டவுன் பஸ் கண்டக்டரின் குரல் வந்துவிட்டது. "ஆறு. ராமநாதபுரமெல்லாம் எறங்குங்க. ஏனுங்க, படியில நிக்காதீங்க, உள்ள காலியாத்தான இருக்குது. ஏழு. சுங்கம் வருது, சில்லறையா குடுங்க. எட்டு."

எனக்குச் சிரிப்பில் கை நடுங்கியது. அவளுக்கு நடுங்கவில்லை. வலது இறக்கையில் விரலை வைத்துத் தடவினால் ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது.

பெண் பார்க்க வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருந்துறையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், சொந்தமாகக் கொஞ்சம் பூமி, தறி நான்கு. அப்பாவுக்கு இதில் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அவர் பேசிய விதம்தான் பிடித்துப்போனது.

"பட்டறை கூட்டற ஆத்தாளைக்கூட, 'ஏனுங்கம்மா, சித்தெ நவுந்துக்கறீங்களா'ன்னு கேக்கறாப்ல. இந்தக் காலத்துல இப்படி ஒரு பையன் எங்க கெடைக்கும்?" என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கம் ஒருவரை நல்லவர் என்று சொல்ல அது போதும்.

ஆடியில் எங்கள் ஊரில் விமானம் விட முடியாது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்றில் பட்டறையின் தகரக் கூரையே தடதடக்கும். உட்கார்ந்து செய்வதற்குத்தான் அது நல்ல மாதம். அக்கா இளைத்துப்போய் வந்திருந்தாள். முழங்கை தாண்டிக் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். புது மோஸ்தர் போலிருக்கிறது என்று அம்மா சொன்னாள்.

காற்றுப் பட்டால் கம்பி ஒரு பக்கம் ஆறிவிடும் என்பதால் பின்னறையின் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு இடது இறக்கையை ஆரம்பித்தோம். அக்கா நுனிப்பக்கம், நான் பெரிய அச்சின் பக்கம். எண்ணை மட்டும்தான் சொன்னாள். ராமநாதபுரம் வரவில்லை. ஏழு என்றதும் நான் கேட்டேன்.

"மாமா நல்லாப் பேசறாரா அக்கா?"

"நல்லாப் பேசுவார்."

எட்டு வரவில்லை. அவள் பக்கம் கம்பி நின்றது. புகை கிளம்பி, தெர்மாகோல் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது.

"அக்கா, நிக்காதே. எண்ணு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலால் சுவிட்சைத் தட்டி அணைத்தேன். கம்பி ஆறி அப்படியே உள்ளே ஒட்டிக்கொண்டது. வில்லின் இரண்டு முனையையும் இருவரும் பிடித்தபடி நின்றோம்.

"அடிக்கறப்பக்கூட மரியாதையாத்தான் பேசுவார்," என்றாள். "'கொஞ்சம் திரும்பி நில்லுங்க'ம்பார். வெளிய தெரியற எடத்துல அடிக்க மாட்டார்."

"எதுக்கு அடிக்கறார்?"

"எதுக்குன்னு என்னத்தச் சொல்றது. சோத்துல கல்லு கெடந்தா. பக்கத்தூட்டுக்காரி எங்கூட ரெண்டு வார்த்தை பேசினா. சும்மாவும்."

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமில்ல?"

"டயல்ல பூட்டுத் தொங்குது. சாவி அவங்கம்மா இடுப்புல." கருகிய இடத்தைப் பார்த்தபடி சொன்னாள். "ஆவணிக்கு என்னை அனுப்பாம வெச்சுக்க முடியுமான்னு அப்பாவைக் கேளு. நான் கேட்டா அழுதுபோடுவேன். நீ தெளிவாச் சொல்லுவே."

தெளிவாகத்தான் சொன்னேன். பட்டறையில் ஆட்கள் போன பிறகு அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று கம்பெனியில் ரிப்போர்ட் படிப்பதைப் போலச் சொன்னேன். குரல் உடையவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா கையிலிருந்த மோட்டார் காயிலை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அவர் சுற்றிக் கொடுத்த மோட்டார் திரும்பி வந்தால் கோபப்பட மாட்டார். உடனே கழற்றி, எங்கே எரிந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு கொண்டுவந்தவரிடம், "எவ்வளவு லோடு போட்டீங்க?" என்று கேட்பார். அக்காவை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"சின்னது ஒண்ணு ஊட்டுல இருக்குது," என்றார் அம்மாவைப் பார்த்து. "பெரியவ வந்து உக்காந்துட்டா, இதை எவன் கட்டுவான்?"

"எனக்குக் கல்யாணமே வேண்டாங்கப்பா."

"இப்ப அப்படித்தான் சொல்லுவே."

"எனக்குச் சம்பளம் வருதுங்கப்பா. நானும் அக்காவும் தனியா இருந்துக்கறோமுங்க."

"ரெண்டு பொட்டப் புள்ளைக தனியா ஊடு புடிக்கறதா? நாலு சனம் என்ன பேசும்?" காயிலைக் கீழே வைத்தார். "மாப்பிள்ளையை வரச்சொல்லிப் பேசறேன். பேசினா எல்லாம் சரியாப்போகும்."

அக்கா சமையலறையில் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். நான் உள்ளே போனபோது, "உனக்கு முருங்கைக்காய் போடட்டுமா, வேண்டாமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். அப்பா அவரைப் பட்டறைக்குள் அழைத்துப்போய் ஒரு காப்பி குடிக்கும் நேரம் பேசினார். திரும்பி வந்தபோது அப்பாவின் முகம் தெளிந்திருந்தது.

"ஒரே ஒரு தடவை கை நீட்டிட்டாப்லயாம். என்ற கையப் புடிச்சுட்டு, 'இனி ஆகாதுங்க மாமா'ன்னு கண்ணு கலங்கிட்டாப்ல," என்று எங்களிடம் மெல்லச் சொன்னார். அம்மா வடைக்கு ஊறவைத்த பருப்பை ஆட்டப் போனாள்.

சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை பின்னறைக்கு வந்தார். மேசை மேல் இரண்டு இறக்கைகளும் கிடந்தன. இடது இறக்கையை ஆறிய கம்பியோடு விட முடியாது என்று மறுபடி சூடாக்கி, நானும் அம்மாவுமாக எப்படியோ இழுத்து முடித்திருந்தோம்.

"நீங்களே செஞ்சதுங்களா? அருமைங்க," என்றார். எஞ்சினுக்கு என்ன எரிபொருள் என்று கேட்டார். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் என்றேன். "ஒரு எஞ்சின் நின்னுபோச்சுன்னா என்னாகுமுங்க?" என்றார். அதுவரை என் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. பதில் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். இடது இறக்கையைக் கையில் எடுத்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதென்னுங்க, இங்க மட்டும் பள்ளம்?"

வாசற்படியில் நின்ற அக்காதான் சொன்னாள்.

"நான்தானுங்க. பாதியில நின்னுட்டேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளத்துக்குள் விரலை வைத்து அளவு பார்த்தார்.

"பரவால்லீங்க," என்றார் என்னிடம். "பட்டி வெச்சுத் தேச்சுட்டா வெளிய தெரியாதுங்க."

அவர் சொன்னது சரி. பட்டி வைத்துத் தேய்த்து, மேலே டேப் ஒட்டிப் பெயின்ட் அடித்தால் தெரியாது. அந்தப் பக்கம் கொஞ்சம் கனம் கூடும். வலது நுனியில் அதே எடை வைத்துச் சரிக்கட்டலாம். விமானம் பறக்கும்.

ஆவணி பிறந்தது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் போனோம். மாப்பிள்ளை அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கி, "நீங்க எதுக்குங்கத்தை தூக்கறீங்க," என்றார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கம்பிக்கு வெளியே நின்றேன்.

"கொக்கு பறக்கறப்ப எனக்குச் சொல்லு," என்றாள்.

"சொல்றேன்."

"எப்படிச் சொல்லுவே?" என்று கேட்டுச் சிரித்தாள். ஆடிக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

இப்போது மாசி. நிலைமை இது. பொங்கல் நோம்பிக்கு இருவரும் வந்தார்கள். சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். கிணற்றடியில் தனியாகக் கிடைத்தபோது கேட்டேன். "அதேதான்," என்றாள் அக்கா, பாத்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல். அதே நீளக் கை ரவிக்கை. அப்பாவிடம் மறுபடி சொன்னேன். கண்ணு கலங்கினவன் பொய் சொல்ல மாட்டான் என்றார். எனக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறது, தென்னந்தோப்புக்காரர்கள். பையன் மரியாதையாகப் பேசுகிறானாம். ஆடிக்குப் பெண்ணை அழைப்பது முதல் வருஷம் மட்டும்தான், அடுத்த ஆடிக்கு அக்கா வர மாட்டாள்.

காற்று அடங்கிவிட்டது, விமானம் விட ஏற்ற வானம். எஞ்சின்கள் இரண்டும் எண்ணெய் போட்டுப் பெட்டியில் இருக்கின்றன. இறக்கைகள் பீரோவின் மேல் கிடக்கின்றன. நான் பட்டி வைக்கவில்லை. இடது இறக்கையில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் பள்ளம் அப்படியே இருக்கிறது. அக்கா பெருந்துறையில் இருக்கிறாள்.