ஜப்பான்காரர் படத்துக்கு இஸ்திரி போட்ட கதை

பனியன் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டினேன். அதில் முக்கால்வாசி காலண்டரிங்கிலும் இஸ்திரி மேசையிலும் போனது. சலவை முடிந்து கோணல்மாணலாக வரும் துணியை ஆவி காட்டி, ரோலரில் விட்டு, சுருக்கமில்லாமல் எடுத்துத் தருவது என் வேலை.

இந்த வேலையில் ஒரு வியாதி உண்டு. கசங்கிய துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் காலரை நீவிவிட்டு அசடு வழிந்தவன் நான். அந்த வியாதி ஒரு தடவை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்கிறேன். புதிதாக மேசைக்கு வருகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

1. மெஷினோடு வந்தவர்

அறுபதுகளின் கடைசியில், கோயமுத்தூர் பக்கம் எங்கள் ஊர் ராயபுரத்தில் இருந்த கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து ஒரு நிட்டிங் மெஷின் வந்தது. பூட்டி ஓட்டிக் காட்ட கிமுரா என்று ஒரு ஃபிட்டரும் கூடவே வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். இஸ்திரி மேசைக்குப் பின்னால் இருந்த அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். எங்களில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஆபீஸ் கிளார்க் ரங்கசாமி ஒருவர்தான். அவர் வாய் வழியாகத்தான் எல்லாப் பேச்சும்.

வந்த முதல் நாளே கிமுரா ஒரு நீளமான மரப்பெட்டியைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த படம் ஒன்றை எடுத்து ஆணியில் மாட்டினார். சட்டம் கிடையாது, கண்ணாடி கிடையாது. மேலே ஒரு குச்சி, கீழே ஒரு உருளைக் கட்டை, நடுவில் பட்டுத்துணி. துணியில் இலையெல்லாம் உதிர்ந்த ஒரு கிளை, சிவப்பாக இரண்டு பழம், ஓரமாக ஒரு குருவி. தினமும் காலையில் அதற்குக் கீழே ஒரு டம்ளரில் பூ வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார்.

"உங்க ஊரு சாமிங்களா?" என்று கேட்டேன்.

ரங்கசாமி விசாரித்துவிட்டுச் சொன்னார். "சாமி இல்லீங்க மாஸ்டர். அவரு சம்சாரம் வரைஞ்சதாமுங்க. அந்தம்மா தவறி ரெண்டு வருசம் ஆச்சுங்களாம். எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் கொண்டு போயிருவாராம்."

"பழம் என்னங்க, தக்காளியா? தக்காளி மரத்துல காய்க்குமாங்க?"

அவர்கள் ஊர்ப் பழமாம். அறுக்கும்போது குருவிக்கென்று ஒன்றிரண்டை மரத்திலேயே விட்டுவிடுவார்களாம். நான் கேட்ட கேள்வியை ரங்கசாமி அப்படியே மொழிபெயர்த்துத் தொலைக்க, கிமுரா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து என்னைப் பார்த்தாலே தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையில் "தக்காளி!" என்பார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போனது.

2. நான் செய்த உபகாரம்

ஒரு மாதம் ஓடியது. மெஷினில் ஊசி மட்டும் சரியாக உட்காரவில்லை, துணியில் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. ஒரு உதிரிப் பாகம் லேத்தில் கடையச் சொல்லி கிமுரா கோயமுத்தூர் போயிருந்தார். இரண்டு நாளில் டிரையல், அது முடிந்ததும் அவர் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது.

அந்த வாரம் நல்ல மழை. அறையைப் பெருக்கப் போனவன் படத்தைப் பார்த்தேன். ஈரக்காற்றில் ஓரம் சுருண்டு, நடுவில் அலை அலையாக நெளிந்திருந்தது. பெண்டாட்டி நினைவாக வைத்திருப்பதை இப்படிக் கசங்கலாகவா திரும்பக் கொண்டுபோவார் என்று மனசு கேட்கவில்லை. பட்டுச்சேலைக்கு இஸ்திரி போடாதவனா நான்?

மேசையில் விரித்தேன். மேலே வெள்ளைத் துணி போட்டு, தண்ணீர் தெளித்து, கரிப்பெட்டியை இதமான சூட்டில் ஓட்டினேன். முதல் ஓட்டில் அழகாகப் படிந்தது. இரண்டாவது ஓட்டில் கைக்கு அடியில் ஏதோ நழுவியது. துணியை எடுத்துப் பார்த்தால் படம் முழுக்க அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம். பட்டுக்குப் பின்னால் பசை போட்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். பசை விட்டுவிட்டது. ஒரு பழத்தின் சிவப்பும் கிளம்பி வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொண்டது.

 முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஓடி வந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க மாஸ்டர், இப்படிப் பண்ணிப்போட்டீங்களே! அவரு கோவிச்சுட்டுப் போயிட்டா ஊசிய யாருங்க செட் பண்றது? இந்த மெசினை நம்பித்தானுங்க நானே இருக்கறேன்."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "பேசாம சுருட்டிப் பொட்டியில வெச்சுப்போடுங்க. ஊருக்குக் கிளம்பறாரேன்னு நாமளே எடுத்து வெச்சுட்டோம்னு சொல்லிக்கலாம். அங்க போயித்தான பிரிப்பாரு."

கெட்ட மனிதர் இல்லை அவர். பயத்தில் சொன்னார். நானும் பயத்தில்தான் சுருட்டி வைத்தேன்.

3. கிமுரா திரும்பி வந்தார்

சாயங்காலம் கிமுரா கடைந்த பாகத்தோடு சந்தோஷமாக வந்தார். வெறும் சுவரைப் பார்த்து நின்றார். முதலாளி சொல்லச் சொன்னதை ரங்கசாமி சொன்னார். "காளியப்பன் மாஸ்டர்தான் பத்திரமா எடுத்து வெச்சாருங்க" என்று என் பெயரையும் சேர்த்துவிட்டார்.

கிமுரா என் பக்கம் திரும்பினார். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, இடுப்பு வரைக்கும் குனிந்து எனக்கு நன்றி சொன்னார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கும்பிடைத் தாங்க முடியவில்லை. வேண்டாமென்று முதலாளி கண்ணைக் காட்டக் காட்ட, பெட்டியைத் திறந்து படத்தை அவர் முன்னால் விரித்துவிட்டேன்.

"நான்தானுங்க கெடுத்தேன். கசங்கியிருந்துதுங்க. நல்லாப் பண்ணிக் குடுக்கலாம்னு இஸ்திரி போட்டனுங்க. அந்தம்மா வரைஞ்சதுன்னு தெரிஞ்சும் தொட்டுட்டனுங்க."  அழுதுவிட்டேன்.

கிமுரா தரையில் உட்கார்ந்தார். கொப்புளங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். நிறம் போன பழத்தின் மேல் விரல் வெகுநேரம் நின்றது. அப்புறம் மெதுவாக ஏதோ சொன்னார். ரங்கசாமி அதைத் தமிழில் சொன்னார்.

"பின்னாடி இருக்கற காகிதத்தை நனைச்சு எடுத்துட்டுப் புதுசா ஒட்டிக்கலாமுங்களாம், அதுக்குன்னே அவங்க ஊருல ஆளு இருக்காங்களாம். போன நெறம் போனதுதானுங்களாம். நீங்க மேல போட்டு இஸ்திரி பண்ணுன துணி எங்கீங்கன்னு கேக்கறாருங்க."

அதை மேசைக்கு அடியில் சுருட்டி எறிந்திருந்தேன். எடுத்து வந்து கொடுத்தேன். நடுவில் அந்தப் பழம் மங்கலாகப் பதிந்திருந்தது. கிமுரா அதை மடித்து, படத்தோடு வைத்துச் சுருட்டிப் பெட்டியை மூடினார்.

"அந்தம்மா தொட்டு வெச்ச நெறமுங்களாம். இங்க விட்டுட்டுப் போக மாட்டாராம்" என்றார் ரங்கசாமி.

மறுநாள் காலை சங்கு ஊதும் முன்பே கிமுரா மெஷினடியில் இருந்தார். மத்தியானத்துக்குள் ஓட்டை இல்லாத துணி இறங்கியது. முதலாளி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, முதல் காரியமாக கிமுராவிடம் போய், மறைக்கச் சொன்னது தான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொடாதே என்பதை அன்றைக்கே கற்றுக்கொண்டேன். கிமுரா என்னை ஒரு வார்த்தை திட்டாததிலிருந்து இன்னொன்றைக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆனது. பிற்பாடு என் மேசையில் எத்தனையோ பேர் பனியனைத் தீய்த்துவிட்டு, முகம் வெளுத்துப்போய் என் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். நான் கோபக்காரன்தான். ஆனாலும் தானாக வந்து சொன்ன ஒருவரைக்கூட நான் திட்டியதில்லை. "உக்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்றுதான் சொல்வேன்.