பேய்ப் படத்தில் நனைந்த செருப்பு

எழுபதுகளின் கடைசியில், தூத்துக்குடியில் நடந்தது இது. கடற்கரையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பேய்ப் படம் என்றால் கொள்ளைப் பிரியம். எந்தப் படத்துக்கும் பயந்ததில்லை என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எனக்குத் துணை என் மதினி, தோணித் தொழிலுக்குப் போகும் அண்ணனின் மனைவி. என்னைவிடத் தைரியசாலி. ஒரு படத்தில் பேய் தோணி ஓட்டிக்கொண்டு கரைக்கு வரும். திரை முழுக்கப் புகை, வெள்ளைச் சேலை, காதைக் கிழிக்கும் வயலின். கரையில் தென்னை ஓலையெல்லாம் ஒரு பக்கம் பறக்க, தோணியின் பாய் மட்டும் எதிர்ப்பக்கம் உப்பி நிற்கும். மதினி சத்தமாகவே சொன்னாள்: "ஏளா, காத்து அங்கன அடிக்கி, பாய் இங்கன உப்புது. பேயா இருந்தாலும் தொழில் தெரியாண்டாமா?"

பெண்கள் பகுதியே சிரிப்பில் உருண்டது. அதற்குப் பிறகு அந்தப் பேய் பல்லைக் காட்டியபோதெல்லாம் நாங்களும் பல்லைக் காட்டினோம்.

சில மாதம் கழித்து அண்ணன் சரக்குத் தோணியில் கொழும்புக்குப் போனான். திரும்பவேண்டிய நாள் தாண்டியும் வரவில்லை. கூடப் புறப்பட்ட தோணிகள் எல்லாம் கரை சேர்ந்துவிட்டன. வாடைக்காற்று வேறு ஓயாமல் வீசியது. மதினி அழவில்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. வீட்டில் ஆளுக்கொரு தடவை கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

மனசு கொஞ்சம் மாறட்டும் என்று நான்தான் அவளை மதியக் காட்சிக்கு இழுத்துப் போனேன். புதுப் பேய்ப் படம். வழக்கம்போலக் கேலி செய்வாள், சிரித்தால் தெளிவாள் என்று கணக்குப் போட்டேன்.

இந்தப் படத்தில் புகை இல்லை, வெள்ளைச் சேலை இல்லை. ஆற்றில் பரிசல் ஓட்டப்போன புருஷனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். வாசலில் அவன் கழற்றிப்போட்ட செருப்பு கிடக்கிறது. அவள் வீட்டைப் பெருக்குகிறாள், உலை வைக்கிறாள், கதவைத் திறக்கிறாள். செருப்பு நனைந்திருக்கிறது. வெளியே நல்ல வெயில். ஆற்றோடு போனவன் வந்து காலில் மாட்டிப் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான், ஒரு சத்தம் கிடையாது.

தியேட்டரில் கைக்குழந்தைகூடச் சிணுங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் மதினியைக் காணோம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் தோணிக்குப் போகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் கிளம்புவார்கள். அவர்கள் வந்து காலில் மாட்டும்வரை வீட்டுப் பெண்கள் அதைத் தொடமாட்டார்கள். சுற்றித்தான் பெருக்குவார்கள். படம் எடுத்தவர் எங்கள் தெருவைப் பார்த்திருக்க வழியே இல்லை. ஆனாலும் நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். மதினி வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தொடக்கூடாத செருப்பைத் தொட்டுத் தடவிவிட்டு, உள்ளங்கையை என்னிடம் நீட்டினாள்.

"பாருளா, புழுதிதான் ஒட்டுது. காஞ்சுதான் கெடக்கு. ஈரமில்ல, என்ன?"

"ஈரமில்ல மதினி," என்றேன். சொல்லிவிட்டு நானும் குனிந்து தொட்டுப் பார்த்தேன். பேய் பிசாசை நம்பாத நான், மற்றக் கால் செருப்பையும் விடவில்லை.

அந்த வாரமே அண்ணன் வந்து சேர்ந்தான். பாய் கிழிந்து, காற்று தள்ளி, தோணி குமரிப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. வந்தவன் தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவிவிட்டு, ஈரக்காலை அப்படியே செருப்பில் நுழைத்தான். அத்தனை நாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மதினி, நனைந்த செருப்பைப் பார்த்து ஓவென்று அழுதாள்.

அண்ணனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "உசுரோட வந்துட்டேம்லா, ஏன்ளா அழுத?" என்று கேட்டான்.

"மொதல்ல அந்தச் செருப்ப மாத்துங்க," என்றாள் மதினி.

அதற்குப் பிறகு எத்தனையோ பேய்ப் படம் பார்த்தாயிற்று. யாராவது ஒரு படத்தைப் பிரமாதம் என்று சொன்னால், பேய் எப்படி இருந்தது என்று நான் விசாரிப்பதே இல்லை, வீட்டுக்கு வந்ததும் முதலில் எதைத் தொட்டுப் பார்த்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.