தாலி இல்லாத பந்தல்

எட்டாம் வகுப்போடு ஊரை விட்டுக் கிளம்பியவன் நான். கிடைத்த இடத்தில் கிடைத்த வேலையைச் செய்து, கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு பந்தல்காரரிடம் சேர்ந்திருந்தேன். படுக்கை குடோனில், நாற்காலி அடுக்குக்குப் பின்னால். அப்போதுதான் முசரவாக்கம் பக்கம் அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டோம்.

பெண்வீட்டார் தறிக்காரர்கள். ஊரின் பெரிய சர்ச்சிலிருந்து விலகி வந்த சில குடும்பங்களில் ஒன்று. அவர்களுக்குப் பாதிரியார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் பாய் விரித்து உட்காருவார்கள். தோன்றியவர் எழுந்து ஜெபிப்பார். நகை போடுவதில்லை, பட்டு உடுத்துவதில்லை, தாலியும் கட்டுவதில்லை. ஊராருக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்த பெண், தன் கல்யாணத்துக்கு வெள்ளை நூல் புடவையில் வந்து நின்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் பெரிய சர்ச்சுக்காரர்கள்.

"பட்டு நெய்யற வூட்டுப் பொண்ணு, ஆஸ்பத்திரி நர்ஸாட்டம் நிக்குது பாரேன்" என்று மாப்பிள்ளையின் அத்தை சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா தட்டில் தாலியோடு முன்னால் வந்தார். தாலி வேண்டாம் என்று முன்பே ஒப்புக்கொண்டவர்தான். அத்தனை பேர் முன்னால் பெண் மறுக்கமாட்டாள் என்று நினைத்துவிட்டார்.

"ஒரு முடிச்சுமா. அப்பால கழட்டி வெச்சிக்கோ, யாரு கேக்கப்போறா?"

"கழட்டறதுக்கு எதுக்கு மாமா கட்டணும்?"

"சொந்தக்காரங்கல்லாம் பாத்துக்கினு இருக்காங்க. தாலி இல்லன்னா கல்யாணம் இல்லமா."

"அப்ப வேணாம் மாமா."

குரல் உயரவில்லை. கோயில், மசூதி, சர்ச் என்று எல்லா வாசலிலும் பந்தல்கால் நட்டவன் நான். சாமிக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஊருக்குப் பயந்தவர்களை அதைவிட அதிகமாக. இரண்டிலும் சேராமல் இப்படித் தனியாக நின்ற ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவன் அப்பாவின் கையிலிருந்து தட்டை வாங்கி, முன்வரிசையில் இருந்த அம்மாவின் மடியில் வைத்தான்.

"பேசி முடிச்சதுதானப்பா. இப்ப வந்து மாத்துனா எப்பிடி?"

அப்பா விறுவிறுவென்று வேனுக்கு நடந்தார். அத்தையும் அவர்கள் பக்கத்துச் சொந்தக்காரர்களும் பின்னாலேயே போனார்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கை பிடித்துக்கொண்டு தாங்களே வாக்குச் சொன்னார்கள். பட்டுக்குச் சாயம் போடும் அம்மாள் ஒருவர் எழுந்து, நீலம் ஏறிய கைகளைத் தூக்கி ஜெபித்தார். ரோட்டில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெபம் முடிவதற்குள் வேன் போய்விட்டது.

அடுத்த பந்தலுக்கு நேரமாகியிருந்தது.

"காலி வரிசைய மடக்குடா" என்றார் பந்தல்காரர், மாப்பிள்ளை வீட்டார் எழுந்துபோன நாற்காலிகளைக் காட்டி.

"காலி இல்லண்ணா. மாப்ள அம்மா உக்காந்துக்கினு இருக்காங்க" என்றேன்.