கன்றுக்குட்டிக்குச் செய்த நுகத்தடி அல்ல அது

ராக்கம்மாள் சிஸ்டர் இறந்துவிட்டார். இன்று காலை, அறந்தாங்கியில், மகள் வீட்டில்.

வயதாகிவிட்டதுதான். தெரியும். இருந்தாலும்...

நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவர் ஹெட் நர்ஸ். நான் பார்மசியில் புதிதாகச் சேர்ந்த பெண்.

சேர்ந்த முதல் வாரம். மூன்றாவதும் பெண் குழந்தையா என்று ஒரு ஆள் வார்டிலேயே மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தான். சிஸ்டர் குழந்தையைத் தூக்கி அவன் கையில் வைத்தார்.

"ஒங்க வீட்டம்மா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வச்சிருங்க. சத்தம் வரக் கூடாது."

வைத்திருந்தான். சத்தம் வரவில்லை.

அவர் ரிட்டயராகிப் பல வருஷம் கழித்து, புதுக்கோட்டையில் ஒரு காலேஜில், சுற்றுவட்டார ஊர்களில் சேகரித்த பழைய விவசாயக் கருவிகளைக் கண்காட்சிக்கு வைத்திருந்தார்கள். எது எதற்கு என்று கண்டுபிடிக்கிற போட்டியும் உண்டு. நான்தான் சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜாலியாகத்தான் போனது... ஒரு மேஜை வரைக்கும்.

சின்ன நுகத்தடி. ஏர் மாடுகளின் கழுத்தில் வைக்கிற கட்டைதான். ஆனால் வழக்கமான நீளத்தில் பாதிகூட இல்லை. "கன்றுகளுக்கு உழவு பழக்கியது" என்று அட்டை வைத்திருந்தார்கள்.

சிஸ்டர் அதைத் தடவிப் பார்த்தார். இரண்டு ஓரத்திலும் கயிறு கோக்கக் கருகிய ஓட்டைகள்.

"கன்னுக்குட்டிக்கு இல்ல இது. எனக்கும் எங்கக்காவுக்கும்."

எனக்குப் புரியவில்லை.

"ஆசாரி செஞ்சு தர மாட்டேன்னுட்டாரு. எங்காத்தாதான் கம்பியக் காய்ச்சி ஓட்டை போட்டுச்சு." அம்மாவைத்தான் ஆத்தா என்பார்.

அங்கேயே நின்று சொன்னார். நாற்பதுகளில் நடந்தது. ரங்கூனுக்குப் பிழைக்கப் போன அப்பா, அங்கே சண்டை வந்த பிறகு என்ன ஆனார் என்றே தெரியவில்லை. இருந்த ஒரே புன்செய்யை எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பெரியப்பா நெருக்கினார். அம்மா முடியாது என்றார். உடனே, இந்த வீட்டுக்கு யாரும் ஏர் மாடு தரக் கூடாது என்று பெரியப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மழை பெய்தது. எல்லாரும் உழுதார்கள். இவர்கள் நிலம் மட்டும் அப்படியே கிடந்தது.

பொம்பளை ஏர் பிடித்தால் ஆகாது என்ற பேச்சு வேறு. அம்மா பிடித்தார். மகள்கள் இரண்டு பேரும் இந்தக் கட்டையை நெஞ்சில் கொடுத்து இழுத்தார்கள். சிஸ்டருக்கு அப்போது பால்பல் விழுகிற வயது.

பெரியப்பா வரப்பில் வந்து நின்று பார்த்தாராம். அம்மா ஏரை நிறுத்தவே இல்லை.

"நல்லாப் பாத்துக்கங்க மச்சான். நாளைக்கும் வருவோம்!"

கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் "அடப் பாவமே" என்றார். சிஸ்டர் சட்டென்று திரும்பினார்.

"என்னங்க பாவம்? அந்த வருசம் எங்க வீட்ல வரகு வந்துச்சு. நெலம் இன்னைக்கும் எங்ககிட்டதான் இருக்கு."

கண்காட்சி நடத்திய சார் ஓடி வந்தார். "அட்டைய மாத்திர்றோம்மா. சிறுமிகளைப் பூட்டிய நுகத்தடின்னு எழுதிரலாமா?"

"எங்கள யாரும் பூட்டல. நாங்களாப் பூட்டிக்கிட்டோம்."

அவர் பேனாவை வாங்கி சிஸ்டரே எழுதினார். 'உழுதவர் சிவகாமி. இழுத்தவர்கள் மீனாட்சி, ராக்கம்மாள்.'

"ஊர்ப் பேரு மட்டும் வேணாம்மா... சங்கடமாயிரும்" என்றார் சார்.

ஊர்ப் பெயரைத்தான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக எழுதினார்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். படுத்த படுக்கை. மகள் உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்தாள். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கட்டுமாவடிக் கருவாடு இருக்குல்ல... அதச் சுடு."

"டாக்டர் திட்டுவாரும்மா."

"வரச் சொல்லு. அவருக்கும் ஒரு துண்டு வை."

சுட்டாள். சாப்பிட்டார். முள்ளைக்கூட விடவில்லை.

நாளை காலை எடுக்கிறார்களாம். பஸ் ஏறிவிட்டேன்.

சிஸ்டர்... வாரேன்.