பிடித்துக்கொண்டு போன வலத்து மாடு

அன்று ரோட்டில் நின்றவர்கள்: மாட்டு டாக்டரம்மா. ஏட்டு. மாட்டை வதைப்பதாகப் புகார் கொடுத்த பையன், போனில் படம் எடுத்தபடி. என் மச்சான், மனைவியின் தம்பி. நான். சவுக்குக் கட்டை ஏற்றிய வண்டியில் என் இரண்டு மாடுகள்.

சிப்காட் ரோட்டில் மறித்தார்கள். வலத்து மாட்டுக்கு நுகத்தடி உரசிக் கழுத்தில் புண். ஈ மொய்க்காமல் இருக்க, லாரியில் வடித்த பழைய ஆயிலைப் பூசியிருந்தேன். வண்டிக்காரர்கள் எல்லாரும் பூசுவதுதான்.

ஏட்டு தொட்டு மோந்து பார்த்தார். "என்னய்யா, மாட்டுக்கு ஆயில் சர்வீஸா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "புண்ண மறைச்சி வேல வாங்குறீங்களா?"

"ஈக்குங்கம்மா."

"புண்ணுன்னு தெரிஞ்சும் ஏன் பூட்டுனீங்க?"

நான் நுகத்தடிக் கயிற்றை அவிழ்த்தேன்.

கேஸ் எழுதினார்கள். புண் உள்ள மாட்டை மட்டும் வேனில் ஏற்றி, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அதன் ஜோடி, இடத்து மாடு, வீட்டுக்கு வந்தும் வைக்கோலில் வாய் வைக்கவில்லை.

மச்சான் சும்மா இருக்கவில்லை. "புடிச்சிட்டுப் போன மாடு திரும்பாது மாமா. எங்கனா வித்துடுவாங்க."

"வாய மூட்றா."

"மூடிக்கிறேன். மாடு வந்துடுமா?"

கடலூர் கோர்ட்டில் நீதிபதி சொன்னார்: புண் ஆறியதாக டாக்டர் எழுதித் தந்தால் மாட்டை விடலாம். மறுபடி புண்ணோடு பூட்டினால் மாடு எனக்கு இல்லை. தலையாட்டினேன்.

காப்பகத்துக்குப் போன் போட்டு, மாடு இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கும்" என்றார்கள். இருக்கும் என்றால் என்ன அர்த்தம்? தூக்கம் போயிற்று.

டாக்டரம்மா எழுதித் தந்த அன்றே மச்சானோடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். காப்பகத்து ஆள் கேட்டைத் திறக்கவில்லை.

"எல்லாம் வெள்ள மாடு. மூக்கணாங்கயித்த அவுத்தாச்சி. உன்னுது எதுன்னு இங்கேர்ந்தே காட்டு. தப்பா காட்டுனா வேற கேஸ் ஆயிடும்."

கொட்டகை தூரத்தில் இருந்தது. எல்லாம் முதுகைக் காட்டி நின்றன.

"எது மாமா?" என்றான் மச்சான். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் தவிடு வைக்கும்போது செய்கிற மாதிரி நாக்கைச் சொடுக்கினேன்.

ஒன்று திரும்பியது. நடந்து வந்து கம்பி வழியே மூக்கை நீட்டியது. கழுத்தில் புது மயிர் முளைத்திருந்தது.

"இதுதான்" என்றேன்.

அதன் பின்னால் மற்றவையும் வந்து நின்றன. எல்லாமே வண்டியிலிருந்து பிடித்து வந்த மாடுகள் என்றான் காப்பகத்து ஆள். எல்லா வண்டிக்காரனும் அப்படித்தான் சொடுக்குவான். நான் 'இதுதான்' என்றதையும் சேர்த்து, சொடுக்குக்கு வந்தவற்றை எண்ணினேன்.

பதினொன்று.